செப்பேட்டு முத்திரையும் மென்பொருள் கையொப்பமும்

மலைக்கோட்டை உச்சியில் நின்று வடக்கே பார்த்தால் காவிரி, ஸ்ரீரங்கம், அதற்கும் அப்பால் கொள்ளிடம். கொள்ளிடத்தின் வடகரையில், லால்குடி பக்கத்தில் இருக்கிறது அன்பில். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு அநிருத்த பிரம்மராயரின் ஊர் என்றால் உடனே புரியும். அவர் கற்பனைப் பாத்திரம் அல்ல. சுந்தர சோழன் தன் 4ஆம் ஆட்சியாண்டில் இந்த அமைச்சருக்கு நிலம் கொடுத்ததை அன்பில் செப்பேடுகள் சொல்கின்றன.

செப்பேடு என்பது அந்தக் காலத்து நிலப் பத்திரம். தகட்டில் யார் வேண்டுமானாலும் எழுத்து வெட்டலாமே, எப்படி நம்புவது? சோழர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஏடுகளில் துளையிட்டு ஒரு செப்பு வளையத்தில் கோத்து, வளையத்தின் முனைகள் சேரும் இடத்தில் அரச முத்திரையைப் பொருத்தினார்கள். புலி, இரண்டு மீன், வில் கொண்ட முத்திரை அது. நடுவில் ஓர் ஏட்டைச் செருகவோ உருவவோ வேண்டுமானால் வளையத்தை வெட்டியாக வேண்டும். ஆக, அந்த முத்திரை இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொன்னது. இதைக் கொடுத்தது யார்? வழியில் யாராவது மாற்றினார்களா?

கணினியில் ஒரு மென்பொருளை நிறுவும்போதும் இதே இரண்டு கேள்விகள்தான்.

டெபியன் என்ற லினக்ஸ் வகையை எடுத்துக்கொள்வோம். இதன் மென்பொருள் பொதிகள் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. உலகெங்கும் கல்லூரிகளும் நிறுவனங்களும் நகல் வழங்கிகளை நடத்துகின்றன. சென்னை ஐ.ஐ.டி.யும் அப்படி ஒரு வழங்கியை நடத்தியது. நகல் வைத்திருப்பவர் நல்லவர்தானா, அவருடைய வழங்கிக்குள் யாராவது புகுந்துவிட்டார்களா என்று திருச்சியில் உட்கார்ந்து தரவிறக்கம் செய்பவருக்கு எப்படித் தெரியும்?

இதற்கு விடை கணிதத்திலிருந்து வந்தது. 1976ல் டிஃபி, ஹெல்மன் இருவரும் பொதுச் சாவி என்ற யோசனையை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதுதான் ஆர்.எஸ்.ஏ. ஒருவரிடம் இரண்டு சாவிகள் இருக்கும். ரகசியச் சாவியால் கையொப்பம் இடுவார். பொதுச் சாவியை ஊருக்கே கொடுத்துவிடுவார். அதைக் கொண்டு யாரும் கையொப்பத்தைச் சரிபார்க்கலாம், ஆனால் புதிதாகப் போட முடியாது. 1991ல் ஃபில் ஜிம்மர்மன் வெளியிட்ட பி.ஜி.பி. இந்த வசதியைச் சாதாரண மக்களின் கணினிக்குக் கொண்டுவந்தது.

டெபியனில் இது வேலை செய்யும் விதம் செப்பேட்டு வளையம் போலவே இருக்கிறது. ஒவ்வொரு பொதிக்கும் ஹாஷ் என்ற ஓர் எண் கணக்கிடப்படுகிறது. பொதியில் ஓர் எழுத்து மாறினாலும் இந்த எண் மாறிவிடும். எல்லா எண்களும் ஒரு பட்டியலில் சேர்கின்றன. அந்தப் பட்டியலின் ஹாஷ் இன்னொரு கோப்பில் இருக்கிறது. அந்த ஒரே ஒரு கோப்பில் கையொப்பம் இட்டால் போதும், ஆயிரக்கணக்கான பொதிகளும் ஒரே வளையத்தில் கோத்த மாதிரி. கொண்டுவருபவரை நம்ப வேண்டிய அவசியமே இல்லை.

இந்த ஏற்பாட்டின் தேவையை 2003 நவம்பர் உணர்த்தியது. டெபியனின் சில வழங்கிகளுக்குள் அந்நியர் புகுந்துவிட்டார்கள். நல்லவேளையாக மென்பொருள் களஞ்சியம் தப்பியது. 2007 ஏப்ரலில் வெளிவந்த டெபியன் 4.0 பதிப்பில் கையொப்பத்தைத் தானாகச் சரிபார்க்கும் வசதி இடம்பெற்றது.

சரி, முத்திரையே தவறான கைக்குப் போனால்?

2008 ஆகஸ்டில் ரெட் ஹாட் நிறுவனத்தின் கணினிகளில் புகுந்தவர், சில ஓபன்எஸ்எஸ்எச் பொதிகளுக்கு அந்த நிறுவனத்தின் கையொப்பத்தையே வாங்கிவிட்டார். இந்தியாவுக்கும் ஒரு பாடம் கிடைத்தது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் டிஜிட்டல் கையொப்பத்துக்குச் சட்ட மதிப்புக் கொடுத்தது. சான்றிதழ் வழங்கும் அமைப்புகளுக்கு மேலே ஒரு கட்டுப்பாட்டாளரும் உண்டு. அவருக்குக் கீழே இருந்த தேசிய தகவலியல் மையத்தின் சான்றிதழ் பிரிவிலிருந்து, கூகுள் முகவரிகளுக்கு அனுமதியற்ற சான்றிதழ்கள் வெளியானது 2014 ஜூலையில் தெரியவந்தது. இவை மென்பொருள் பொதிகளுக்கானவை அல்ல, இணையதளங்களுக்கானவை. ஆனால் கணிதமும் நம்பிக்கையும் ஒன்றுதான். கட்டுப்பாட்டாளர் உடனே அந்தப் பிரிவின் சான்றிதழ்களை ரத்து செய்தார். மைக்ரோசாஃப்ட் 45 சான்றிதழ்களை நம்பிக்கைப் பட்டியலிலிருந்து நீக்கியது. கணிதம் பிழைக்கவில்லை, வழங்கும் இடத்தில்தான் ஓட்டை.

2024ல் நடந்தது இன்னும் விசித்திரம். 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் எக்ஸ்இசட் என்ற சிறு மென்பொருளுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, பராமரிப்பாளர் பொறுப்பையே பெற்றார். பிறகு அதில் ரகசியக் கதவு ஒன்றை வைத்தார். எதையும் அவர் திருடவில்லை; பொறுப்பு முறைப்படி கொடுக்கப்பட்டது, கையொப்பமும் அவருடையதுதான். கணினியில் உள்நுழைய அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டிய ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்பவர் மார்ச் 29 அன்று அதை அம்பலப்படுத்தினார்.

கையொப்பம் சொல்வது 'இது இன்னாருடையது, வழியில் மாறவில்லை' என்பதை மட்டும்தான். அந்த இன்னார் நல்லவரா என்பதை அது சொல்லாது. அதனால்தான் டெபியன்காரர்கள் மாநாடுகளில் நேரில் சந்தித்து, அடையாள அட்டையைப் பார்த்து, ஒருவர் சாவியில் மற்றவர் கையொப்பம் இடுகிறார்கள். அவர்களின் உலக மாநாடு 2023ல் முதன்முறையாக இந்தியாவுக்கு, கொச்சிக்கு வந்தது.

வணிகவியல் மாணவர்களுக்கு இது தூரத்து விஷயம் அல்ல. கம்பெனிக் கணக்குகளை அரசிடம் தாக்கல் செய்வது இதே டிஜிட்டல் கையொப்பத்தால்தான். அதற்கான யூஎஸ்பி டோக்கனை ஆடிட்டர் அலுவலக மேசை இழுப்பறையில், கடவுச்சொல்லை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டி விட்டுவிட்டுப் போகும் இயக்குநர்கள் உண்டு. எந்தச் சோழ அரசனும் தன் முத்திரையை அப்படி விட்டுவிட்டுப் போயிருக்க மாட்டான்.