2 டயர் மட்டும் மாத்துறீங்களா? புதுசு முன்னாடியா, பின்னாடியா? மழைக்கு முன்னாடி தெரிஞ்சுக்கோங்க!

பட்டுக்குப் பேர்போன ஆரணி, திருமலை வட்டாரத்தில் புடவைக் கட்டுகளை டிக்கியில் அடுக்கிக்கொண்டு காரில் சென்னை கிளம்புவது வழக்கமான காட்சி. ஆரணியில் இருந்து ஆற்காடு போனால் சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்துவிடலாம். ஊர் ரோட்டில் 40, 50-ல் போன கார், அங்கே 80-ஐத் தாண்டும். வடகிழக்குப் பருவமழை நேரத்தில், டயரை எப்படி மாற்றினோம் என்பது அந்த வேகத்தில்தான் தெரியும்.

முன் டயர் ஏன் சீக்கிரம் தேய்கிறது?

இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இயக்கம் கொண்டவை. இழுப்பது, திரும்புவது, பிரேக்கின் பெரும்பங்கு என எல்லாமே முன் டயர் தலையில்தான். அதனால் முன் ஜோடி முதலில் தேய்கிறது. "ரெண்டு மட்டும் மாத்துங்க, புதுச முன்னாடியே போட்டுடுங்க" என்று கடையில் சொல்லிவிடுகிறோம். தப்பு நடப்பது இங்கேதான்.

புதுசு பின்னாடிதான்!

ரோட்டில் 3 மி.மீ. தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 80 கி.மீ. வேகத்தில் 185 மி.மீ. அகல டயர் ஒன்று, நொடிக்கு சுமார் 12 லிட்டர் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டும். தேய்ந்த டயரில் பள்ளம் குறைவு. தண்ணீர் வெளியேற வழியில்லாமல் டயர் அதன்மேல் மிதக்கும்.

முன் டயர் பிடிப்பை இழந்தால் ஸ்டியரிங் லேசாகிவிடும், கார் திரும்பாமல் நேராகப் போகும். ஆக்சிலேட்டரில் இருந்து காலை மெல்ல எடுத்தால் வேகம் குறைந்து பிடிப்பு திரும்ப வாய்ப்புண்டு. பின் டயர் இழந்தால் ஸ்டியரிங்கில் எந்த அறிகுறியும் தெரியாது. பின்பக்கம் திடீரென வீசும், கார் சுழலும். சுதாரிக்க நேரமே இருக்காது.

அதனால்தான் முன்சக்கர இயக்கமோ, பின்சக்கர இயக்கமோ, புது ஜோடியைப் பின்னால் போடுங்கள் என்கின்றன மிஷெலின் உள்ளிட்ட டயர் நிறுவனங்கள். பின்னால் இருந்த நல்ல ஜோடி முன்னால் வரட்டும். அதுவும் தேய்ந்திருந்தால் நாலையும் மாற்றுவதே சரி. முன், பின் அளவே வேறாக இருக்கும் கார்களுக்கு இந்த இடமாற்றம் பொருந்தாது.

சைஸை மாத்தலாமா?

டயர் ஓரத்தில் 185/65 ஆர்15 88எச் என்று இருந்தால், 185 என்பது மி.மீ.-ல் அகலம். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம். 15 அங்குல ரிம். 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதற்கான குறியீடு. எச் என்றால் உச்ச வேகம் 210 கி.மீ.

இதற்குப் பதிலாக 195/65 ஆர்15 போட்டால் டயரின் விட்டம் 13 மி.மீ. கூடும். ஸ்பீடோமீட்டர் முன்பு காட்டிய அதே 100-ல், கார் இப்போது சுமார் 102-ல் போகும். அகலம் கூடினால் காய்ந்த ரோட்டில் பிடிப்பு கூடலாம்; ஆனால் தேங்கிய தண்ணீரில் சீக்கிரம் மிதக்கும், மைலேஜும் குறையலாம். பக்கச் சுவர் உயரமாக இருந்தால் குலுங்கல் குறையும், திருப்பத்தில் கார் சற்றே தாமதமாகத் திரும்பும். சுவர் குட்டையாக இருந்தால் ஸ்டியரிங் சட்டென்று கேட்கும், ஆனால் பள்ளத்தில் விழுந்தால் டயரும் ரிம்மும் அடிவாங்கும்.

அரக்கோணத்தில் எம்ஆர்எஃப், ஒரகடத்தில் அப்போலோ என இந்தப் பகுதியைச் சுற்றியே டயர் ஆலைகள் இருக்கின்றன. பிராண்டுக்குப் பஞ்சமில்லை. எதை வாங்கினாலும், ஒரே அச்சில் இருக்கும் இரண்டும் ஒரே பிராண்டு, ஒரே மாடலாக இருக்கட்டும். ஒன்று மாறினாலும் பிரேக் போடும்போது கார் ஒரு பக்கம் இழுக்கலாம்.

கடையில் இதையெல்லாம் பாருங்க

* தேதி: டயர் ஓரத்தில் உள்ள 4 இலக்க எண். 3225 என்றால் 2025-ம் ஆண்டின் 32-வது வாரத்தில் தயாரானது.
* தேய்மானம்: சட்டப்படி பள்ளத்தின் ஆழம் குறைந்தது 1.6 மி.மீ. இருக்க வேண்டும். பள்ளத்துக்குள் உள்ள மேடு, டயரின் மேற்பரப்போடு சமமாகிவிட்டால் மாற்றியே ஆக வேண்டும்.
* தாங்கும் எடை: பழைய டயரின் குறியீடு 88 என்றால் அதற்குக் கீழே போகாதீர்கள்.
* காற்று: டிக்கி நிறைய சரக்கு ஏற்றினால் பின் டயருக்குக் கூடுதல் காற்று தேவைப்படலாம். எவ்வளவு என்பது டிரைவர் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் இருக்கும். டயர் சூடாகும் முன் அளந்து பிடியுங்கள்.