ஒளிவழிப் புற்றுநோய்ச் சிகிச்சையும் நானோ துகள்களும்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

அறிமுகம்

புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை, கதிர்வீச்சுச் சிகிச்சை, மருந்துச் சிகிச்சை ஆகியவை முதன்மையான வழிகளாக உள்ளன. இவற்றுடன், சில குறிப்பிட்ட நிலைகளில் ஒளியைக் கொண்டு புற்றணுக்களை அழிக்கும் முறையும் பல நாடுகளில் நடைமுறையில் உள்ளது. அண்மைக் காலமாக ‘நானோ துகள் ஒளிச் சிகிச்சை’ என்ற பெயரில் கைபேசிகளில் பல செய்திகள் பரவி வருகின்றன. நோயாளியின் குடும்பத்தினர் அச்செய்திகளுடன் மருத்துவமனைக்கு வந்து, ‘இதைச் செய்தால் அறுவைச் சிகிச்சை தேவையில்லை அல்லவா?’ என்று கேட்கின்றனர். அக்கேள்விக்கு விடையளிப்பதே இப்பக்கத்தின் நோக்கமாகும். இவற்றுள் எது நடைமுறைக்கு வந்த சிகிச்சை, எது ஆய்வு நிலையில் உள்ளது, சிகிச்சைக்குப் பின் வீட்டில் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பன கீழே விளக்கப்பட்டுள்ளன.

ஒளியியக்கச் சிகிச்சை என்றால் என்ன?

ஒளியியக்கச் சிகிச்சைக்கு மூன்று பொருள்கள் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கூட வேண்டும். அவை:

1. ஒளியுணர்வு மருந்து
2. அம்மருந்துக்கு உரிய நிறமுடைய ஒளி
3. திசுவில் உள்ள ஆக்சிஜன்

மருந்து தனித்து நிற்கும்போது புற்றணுவுக்குப் பெருந்தீங்கு செய்வதில்லை. ஒளியும் அவ்வாறே. மருந்து படிந்த திசுவின் மீது ஒளி படும்போது, மருந்து அந்த ஆற்றலை ஆக்சிஜனுக்கு மாற்றுகிறது. அதனால் உருவாகும் வீரியம் மிக்க ஆக்சிஜன் அணுவின் சவ்வுகளையும் புரதங்களையும் சிதைக்கிறது. கட்டிக்கு உணவளிக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் அடைபடுகின்றன. இந்த வீரிய ஆக்சிஜன் ஓர் அணுவின் அகலத்தைவிடக் குறைவான தூரமே பயணிக்கும். ஆகவே ஒளி பட்ட இடத்தில் மட்டுமே விளைவு ஏற்படுகிறது. இம்முறையின் சிறப்பும் குறையும் இதுவே. உடலெங்கும் பரவிய நோயை ஒளி எட்ட இயலாது.

இது எவ்வாறு வளர்ந்தது?

1900-ஆம் ஆண்டளவில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் பேராசிரியர் ஹெர்மன் ஃபொன் டாப்பைனரின் மாணவரான ஆஸ்கர் ராப், ஒரு சாயம் கலந்த நீரில் ஒளி படும்போது மட்டும் நுண்ணுயிரிகள் மடிவதைப் பதிவு செய்தார். 1970-களில் அமெரிக்காவின் பஃபலோ நகரில் உள்ள ராஸ்வெல் பார்க் புற்றுநோய் மையத்தில் தாமஸ் டோஹர்ட்டி இம்முறையை நோயாளிகளுக்கான சிகிச்சையாக வளர்த்தார். போர்ஃபிமர் சோடியம் என்னும் மருந்து 1993-இல் கனடாவில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும், 1995-இல் அமெரிக்காவில் உணவுக்குழாயை அடைத்த புற்றுநோய்க்கும், பின்னர் சில வகை நுரையீரல் புற்றுநோய்க்கும் ஒப்புதல் பெற்றது. தோலில் ஏற்படும் புற்றுநோய்க்கு முந்தைய செதில் புண்களுக்கு, பூசும் மருந்தான அமினோலெவுலினிக் அமிலம் 1999-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

2020-இல் ஜப்பான், எதிர்ப்புரதத்துடன் ஒளியுணர்வுச் சாயத்தை இணைத்த ஒரு மருந்துக்கு ஒப்புதல் அளித்தது. அறுவைச் சிகிச்சைக்கு உட்படாத தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு அது பயன்படுகிறது. எதிர்ப்புரதம் புற்றணுவின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்வதால், சாயம் உரிய இடத்தில் சேர்கிறது.

ஒளி எவ்வளவு ஆழம் செல்லும்?

உள்ளங்கையை ஒரு கைவிளக்கின் மேல் வைத்தால் விரல்கள் சிவப்பாகத் தெரிவதைக் கண்டிருப்பீர்கள். நீலமும் பச்சையும் இரத்தத்தில் உறிஞ்சப்பட, சிவப்பு ஒளி மட்டும் கடந்து வருகிறது. ஆகவேதான் சிகிச்சைக்குப் பெரும்பாலும் சிவப்பு ஒளியும் அகச்சிவப்பை ஒட்டிய ஒளியும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. போர்ஃபிமர் மருந்துக்கு 630 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி பயன்படுகிறது. அதுவும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் ஆழம் வரையே பயனளிக்கும். எனவே தோலின் மேற்பரப்பிலும், உள்நோக்கிக் குழாய் எட்டக்கூடிய உணவுக்குழாய், மூச்சுக்குழாய் ஆகியவற்றின் உட்சுவரிலும் உள்ள கட்டிகளுக்கே இது பெரிதும் பொருந்துகிறது.

நானோ துகள்கள் ஏன்?

ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர் ஆகும். தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். சிகிச்சை ஆய்வில் பயன்படும் துகள்கள் பெரும்பாலும் சில பத்து முதல் இருநூறு நானோமீட்டர் அளவுடையவை. அவை இரு வகைகளில் உதவுகின்றன.

முதலாவது, மருந்தைச் சுமத்தல். ஒளியுணர்வு மருந்துகள் பல நீரில் எளிதில் கரைவதில்லை. கொழுப்பாலான நுண்குமிழிகளில் அடைத்தால் அவற்றை இரத்தத்தில் செலுத்த இயலும். விழித்திரை நோய்க்கு 2000-ஆம் ஆண்டு முதல் பயன்பட்டு வரும் வெர்டிபோர்ஃபின் இவ்வாறு கொழுப்பு நுண்குமிழிகளுடன் தயாரிக்கப்பட்டதே.

இரண்டாவது, ஒளியை வெப்பமாக்குதல். மணற்பொருளாகிய சிலிக்காவின் மீது மெல்லிய தங்கப் படலம் பூசிய துகள்கள், திசுவை ஊடுருவும் அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சிச் சூடாகின்றன. வெப்பநிலை 50 பாகை செல்சியசைக் கடக்கும்போது அணுக்களின் புரதங்கள் விரைவில் உறைந்து, அணுக்கள் மடிகின்றன. இது ஒளிவெப்பச் சிகிச்சை எனப்படும். இதற்கு ஆக்சிஜன் தேவையில்லை. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் நவோமி ஹாலஸ், ஜெனிஃபர் வெஸ்ட் ஆகியோரின் குழுவினர் 2003-இல் இதை விலங்குகளில் செய்துகாட்டினர். 2019-இல் வெளியான முதற்கட்ட மனித ஆய்வில், சுரப்பிக்குள் அடங்கிய புராஸ்டேட் புற்றுநோய் உடைய 16 ஆண்களில் 15 பேருக்குச் சிகிச்சை முழுமையாக நிறைவேற்றப்பட்டது. இது நம்பிக்கை தரும் தொடக்கம். ஆயினும் 16 பேரிடம் செய்த ஆய்வைக் கொண்டு, நீண்டகாலப் பயனையோ பிற புற்றுநோய்களுக்கான பயனையோ முடிவு செய்ய இயலாது.

இன்னும் தீராத சிக்கல்கள்

• கட்டியைச் சென்றடைதல்: கட்டியின் இரத்தக் குழாய்கள் கசிவுடையவை என்பதால் நுண்துகள்கள் அங்கே தங்கும் என்று 1986-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினர். ஆனால் அதற்கு முந்தைய பத்தாண்டுகளின் விலங்கு ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, செலுத்திய துகள்களில் இடைநிலை அளவாக 0.7 விழுக்காடு மட்டுமே கட்டியை அடைந்ததாகக் கண்டது. எஞ்சியவற்றில் பெரும்பங்கை ஈரலும் மண்ணீரலும் பிடித்து வைக்கின்றன.

• உடலில் தங்குதல்: தங்கம் எளிதில் சிதைவதில்லை. துகள்கள் உறுப்புகளில் நெடுங்காலம் தங்கக்கூடும். காட்மியம் அடங்கிய குறைக்கடத்தித் துகள்கள் ஆய்வகத்தில் பளிச்சிட்டாலும், காட்மியத்தின் நச்சுத்தன்மை காரணமாக மனிதர்களுக்குச் செலுத்துவது கவலைக்குரியது.

• ஒளியின் அளவு: மருந்துக்கு அளவு இருப்பதைப் போலவே ஒளிக்கும் அளவு உண்டு. ஒளி குறைந்தால் புற்றணு தப்பும். மிகுந்தால் நல்ல திசு பாதிக்கப்படும். ஒளியை மிக வேகமாகச் செலுத்தினால் திசுவின் ஆக்சிஜன் தீர்ந்து, சிகிச்சை வலுவிழக்கும்.

ஒளிக்கருவி சீராக இயங்குவது ஏன் முக்கியம்?

இன்றைய சிகிச்சைக் கருவிகள் பலவற்றில் ஒளியைத் தருவது குறைக்கடத்தி லேசர் ஆகும். இவ்வகை லேசருக்கு ஒரு தனி இயல்பு உண்டு. வெளியேறிய ஒளியின் சிறு பகுதி ஏதேனும் ஒரு பரப்பில் பட்டு மீண்டும் லேசருக்குள் திரும்பினால், அதன் வெளியீடு ஒழுங்கற்று ஏறி இறங்கக்கூடும். இந்த நடத்தையை விளக்கும் சமன்பாடுகளை 1980-இல் லாங், கொபயாஷி ஆகியோர் வகுத்தனர். இயற்பியலார் இந்நிலையை ‘ஒழுங்கின்மை இயக்கம்’ என்பர். இதில் விதி உண்டு. ஆயினும் தொடக்கத்தில் ஏற்படும் மிகச் சிறு வேறுபாடும் பெரிதாகி, அடுத்த நிலையை முன்கூட்டியே சொல்ல இயலாதபடி செய்துவிடுகிறது.

நோயாளிகள் இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அந்த ஏற்ற இறக்கங்கள் ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு அளவிலான நேரத்தில் நிகழ்பவை. உணவுக்குழாய்ச் சிகிச்சையில் ஒளி செலுத்தப்படும் நேரமோ ஏறத்தாழ 12 நிமிடம் 30 விநாடி. இவ்வளவு நேரத்தில் அவை ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். மருத்துவக் குழுவினர் கவனிப்பது சராசரித் திறனையும் ஒளியின் நிறத்தையும்தான். ஆகவே ஒவ்வொரு சிகிச்சைக்கு முன்பும் ஒளியிழையின் நுனியில் வெளிவரும் திறன் அளவுமானியால் அளக்கப்பட வேண்டும். ‘இன்று கருவி அளவிடப்பட்டதா?’ என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சிகிச்சைக்குப் பின் வீட்டில் கவனிக்க வேண்டியவை

போர்ஃபிமர் போன்று ஊசிவழிச் செலுத்தும் மருந்து பெற்றவர்களுக்கு இப்பகுதி மிக முக்கியமானது. மருந்து செலுத்தி ஏறத்தாழ இரண்டு நாள்களுக்குப் பின் கட்டியின் மீது ஒளி செலுத்தப்படும். ஆனால் தோலிலும் கண்ணிலும் மருந்து குறைந்தது 30 நாள்கள் தங்கும். சிலருக்கு அதற்கு மேலும் நீடிக்கும். அக்காலத்தில் சில நிமிட நேர வெயிலும் கடும் தீப்புண் போன்ற பாதிப்பை உண்டாக்கக்கூடும்.

• மருந்து செலுத்தும் நாளுக்கு முன்பே வீட்டின் சன்னல்களுக்குத் தடித்த திரை இடுங்கள். மருத்துவமனையிலிருந்து திரும்பும் பயணத்தை மாலை இருட்டிய பின் அமைத்துக்கொள்வது நல்லது.

• பகலில் வெளியே செல்ல நேர்ந்தால் முழுக்கை உடை, கையுறை, அகன்ற தொப்பி, மருத்துவர் பரிந்துரைத்த கருங்கண்ணாடி ஆகியவை தேவை.

• கடையில் விற்கும் வெயில் தடுப்புக் களிம்பை நம்ப வேண்டாம். அது புற ஊதாக் கதிரைத் தடுக்கும். மருந்தைத் தூண்டுவதோ கண்ணுக்குத் தெரியும் ஒளி.

• நோயாளியை இருட்டறையில் அடைத்து வைக்காதீர்கள். வீட்டின் சாதாரண மின்விளக்கு ஒளி, தோலில் தங்கிய மருந்தைச் சிறிது சிறிதாகச் செயலிழக்கச் செய்து நன்மை தருகிறது. அருகில் வைக்கும் பிரகாசமான படிப்பு விளக்கு, பல் மருத்துவரின் விளக்கு ஆகியவற்றை மட்டும் தவிர்க்க வேண்டும்.

• 30 நாள்கள் கழிந்த பின், மருத்துவரின் ஆலோசனையுடன் தோலின் ஒரு சிறு பகுதியை மட்டும் 10 நிமிடம் வெயிலில் காட்டிப் பாருங்கள். இதற்கு முகத்தைப் பயன்படுத்தக் கூடாது. 24 மணி நேரத்தில் சிவப்பு, வீக்கம், கொப்புளம் ஏதும் தோன்றாவிடில் படிப்படியாக வெளியே செல்லலாம்.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், இரத்த வாந்தி, விழுங்க இயலாமை, காய்ச்சல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அவசர ஊர்திக்கு 108-ஐ அழைக்கவும்.

யாருக்கு இது பொருந்தாது?

போர்ஃபிரியா என்னும் பரம்பரை நோய் உடையவர்கள், போர்ஃபிரின் வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உடையவர்கள், கட்டி பெரிய இரத்தக் குழாயை அரித்துள்ளவர்கள், உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் இடையே புரை ஏற்பட்டவர்கள் ஆகியோருக்குப் போர்ஃபிமர் சிகிச்சை அளிக்கக் கூடாது. வேறு நோய்களுக்கு உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள். டாக்சிசைக்ளின் உள்ளிட்ட சில மருந்துகள் ஒளி ஒவ்வாமையைக் கூட்டும்.

ஆய்வில் சேர அழைத்தால் என்ன செய்வது?

இந்தியாவில் மருந்து ஆய்வுகளை 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் நெறிப்படுத்துகின்றன. நானோ மருந்துகளை மதிப்பிடுவதற்கென நடுவண் அரசு 2019-இல் தனி வழிகாட்டுதலும் வெளியிட்டுள்ளது. கையொப்பமிடும் முன் பின்வருவனவற்றைக் கேளுங்கள்:

1. இம்மருந்து இந்தியாவில் என் நோய்க்கு ஒப்புதல் பெற்றதா, அல்லது இது ஆய்வா?
2. ஆய்வெனில், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் பதிவு எண் என்ன? நெறிமுறைக் குழு ஒப்புதல் அளித்துள்ளதா?
3. இதில் சேர்வதால் வழக்கமான சிகிச்சை எத்தனை நாள் தள்ளிப்போகும்?
4. பாதிப்பு ஏற்பட்டால் சிகிச்சையும் இழப்பீடும் யார் பொறுப்பு?

ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும்; அதன் படி ஒன்று உங்களிடம் தரப்பட வேண்டும். எந்நிலையிலும் நீங்கள் விலகிக்கொள்ளலாம். அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது.

தவறான எண்ணங்கள்

‘தங்க பற்பம் உட்கொண்டு வெயிலில் நின்றால் இதே பயன் கிட்டும்’ என்பது உண்மையன்று. சிகிச்சை ஆய்வில் பயன்படும் துகள்கள் குறிப்பிட்ட ஒளியை உறிஞ்சுமாறு அளந்து செய்யப்பட்டவை. அவ்வாறே, அழகு நிலையங்களில் உள்ள சிவப்பு விளக்குக் கருவிகள் புற்றுநோய்க்குச் சிகிச்சை அல்ல.

எல்லாவற்றினும் பெரிய இழப்பு காலத்தின் இழப்பே. தொடக்க நிலையில் கண்டறியப்பட்ட வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்கள் பல இன்று கிடைக்கும் சிகிச்சைகளால் குணப்படுத்தக் கூடியவை. வரவிருக்கும் ஒரு புதிய முறைக்காகக் காத்திருந்து, கையில் உள்ள சிகிச்சையைத் தள்ளிப்போடும் மாதங்களை எந்த ஒளியாலும் மீட்டுத் தர இயலாது. புதிய சிகிச்சை பற்றிய செய்தி கிடைத்தால் அதை மறைக்காமல் உங்கள் மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். ஆனால் தொடங்கிய சிகிச்சையை நிறுத்தாதீர்கள்.

குறிப்பு: இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான தகவல்கள் மட்டுமே, மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா. தமிழ்நாட்டில் மருத்துவத் தகவல்களுக்கு 104 என்னும் தொலைபேசி எண்ணை அழைக்கலாம்.