ஞானஸ்நானம் என்றால் என்ன? எப்படித் தயாராகணும்? சாதிச் சான்றிதழ் என்ன ஆகும்?

சமயபுரத்தில் மாசி கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்கிவிட்டால் 28 நாள் பச்சைப்பட்டினி. பக்தர்களுக்காக மாரியம்மனே விரதம் இருக்கிறாள் என்பது இந்த ஊரின் நம்பிக்கை. பெரும்பாலும் அதே வாரங்களில்தான் கொள்ளிடத்தின் இரு கரையிலும் உள்ள கத்தோலிக்க ஆலயங்களில் தவக்காலமும் ஓடிக்கொண்டிருக்கும். புதிதாகக் கிறிஸ்தவ மதத்தில் சேர விரும்பும் பெரியவர்களுக்கு அந்த 40 நாள்தான் கடைசிக் கட்டத் தயாரிப்பு. ஈஸ்டருக்கு முந்தைய இரவு வழிபாட்டில் அவர்கள் தலையில் தண்ணீர் ஊற்றப்படும். அதுதான் ஞானஸ்நானம். கத்தோலிக்கர்கள் இப்போது ‘திருமுழுக்கு’ என்கிறார்கள்.

தண்ணீர் ஊற்ற ஒரு நிமிஷம் போதும். ஆனால் அந்த ஒரு நிமிஷம் ஒருவருடைய பெயர், கல்யாணம், குடும்ப உறவு, சாதிச் சான்றிதழ் வரைக்கும் போய்த் தொடும். அதனால்தான் இதைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அர்த்தம் என்ன?

‘பாப்டைஸ்’ என்ற சொல்லின் கிரேக்க மூலத்துக்கு ‘முக்குவது, மூழ்க வைப்பது’ என்று பொருள். யோர்தான் ஆற்றில் யோவானிடம் இயேசு ஞானஸ்நானம் பெற்றார் என்று நற்செய்தி நூல்கள் சொல்கின்றன. தண்ணீருக்குள் போவது பழைய வாழ்க்கைக்குச் சாவு, வெளியே வருவது புது வாழ்வு என்பது பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தில் தரும் விளக்கம்.

காவிரியில் முங்கி எழுவதுபோலத்தானே என்று கேட்டால், முக்கியமான ஒரு வித்தியாசம் உண்டு. புண்ணிய நதியில் எத்தனை முறை வேண்டுமானாலும் நீராடலாம். ஞானஸ்நானம் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். தானே முங்கிக்கொள்ளவும் முடியாது, இன்னொருவர்தான் கொடுக்க வேண்டும். வேளாங்கண்ணிக்கு வேண்டிக்கொண்டு மொட்டை போடுவதும் மாலை போட்டு நடப்பதும் ஞானஸ்நானம் ஆகாது. அதை எந்த மதத்தினரும் செய்கிறார்கள்.

ஊற்றுவதா, மூழ்குவதா?

கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் கைக்குழந்தைக்கே கொடுப்பார்கள். குழந்தைக்குப் பதிலாகப் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் விசுவாசத்தை அறிக்கையிடுவார்கள். பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் சபைகள் இதை ஏற்பதில்லை. புரிந்துகொண்டு நம்புகிறவருக்குத்தான் ஞானஸ்நானம், அதுவும் முழுக்கு ஞானஸ்நானம்தான் என்பது அவர்கள் நிலை.

பல வீடுகளில் சண்டை இங்கேதான் ஆரம்பிக்கிறது. குழந்தையில் ஞானஸ்நானம் பெற்ற மகன், வளர்ந்தபின் பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்த் தண்ணீரில் முங்கிவிட்டு வந்தால், ‘அப்போ நாங்க கொடுத்தது என்னடா?’ என்று அப்பா கேட்பார். கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ.யும் இரண்டாவது ஞானஸ்நானத்தை ஒப்புக்கொள்வதில்லை. முழுக்கு சபைகளோ முதலாவதை ஞானஸ்நானமாகவே கணக்கில் எடுப்பதில்லை. மாறாக, சி.எஸ்.ஐ.யில் முறையாக ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் கத்தோலிக்கரானால் அவருக்கு மறுபடி தண்ணீர் ஊற்ற மாட்டார்கள்.

வார்த்தையிலும் கறார் உண்டு. தந்தை, மகன், தூய ஆவி என்று மூவர் பெயரையும் சொல்லியே ஆகணும். அமெரிக்காவின் ஃபீனிக்ஸில் ஒரு கத்தோலிக்கக் குரு பல வருடங்களாக ‘நான்’ என்பதற்குப் பதில் ‘நாங்கள்’ என்று சொல்லி ஞானஸ்நானம் கொடுத்துவந்தது 2022-ல் வெளியே வந்தது. ‘நாங்கள்’ என்று சொன்னால் செல்லாது என வாடிகன் 2020-லேயே அறிவித்திருந்ததால், ஆயிரக்கணக்கானோரின் ஞானஸ்நானம் செல்லாமல் போனது.

முதலில் தண்ணீரா, பாடமா?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு நீண்ட கதை இருக்கிறது. 1530-களில் முத்துக்குளித்துறை பரதவர்கள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். போர்ச்சுகீசியரின் பாதுகாப்பு அவர்களுக்குத் தேவைப்பட்டது. 1542-ல் அங்கே வந்த பிரான்சிஸ் சவேரியார், கிறிஸ்தவர்கள் என்ற பெயரைத் தவிர அவர்களுக்கு எதுவும் தெரியாததைப் பார்த்து, ஜெபங்களைத் தமிழில் மாற்றி மனப்பாடம் செய்ய வைத்தார். அதாவது முதலில் தண்ணீர், அப்புறம்தான் பாடம். அந்தச் சவேரியார் பெயரில்தான் சமயபுரம் பக்கத்துப் புறத்தாக்குடி ஆலயம் இருக்கிறது.

திருச்சியையும் உள்ளடக்கிய மதுரை மிஷனில் வேறு மாதிரிச் சிக்கல். அக்காலச் சடங்கில் குருவானவர் தன் உமிழ்நீரைத் தொட்டு, ஞானஸ்நானம் பெறுகிறவரின் காதிலும் மூக்கிலும் வைப்பார். எச்சில் என்றாலே முகம் சுளிக்கும் ஊரில் இதை எப்படிச் செய்வது? இயேசு சபைக் குருக்கள் சத்தமில்லாமல் அதை விட்டுவிட்டார்கள். 1703-ல் புதுச்சேரி வந்த போப்பின் தூதர் துர்னோன், விடக்கூடாது என்று 1704-ல் உத்தரவு போட்டார். ரோம் வரை போய் 40 ஆண்டு இழுத்த பெரிய வழக்கில் இதுவும் ஒரு பகுதி. இன்றைய சடங்கில் உமிழ்நீர் இல்லை.

நிபந்தனை உயிரைக் கேட்டதும் உண்டு. மறவர் நாட்டில் தடியத்தேவர் ஞானஸ்நானம் கேட்டபோது, ஒரு மனைவியோடு மட்டும் வாழ வேண்டும் என்றார் அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ. தள்ளிவைக்கப்பட்ட மனைவிகளில் ஒருவர் சேதுபதியின் உறவினர். விவகாரம் அரசவைக்குப் போய், 1693 பிப்ரவரியில் ஓரியூரில் அருளானந்தர் வெட்டிக் கொல்லப்பட்டார்.

திருவிதாங்கூர் அரசு அதிகாரியாக இருந்த நீலகண்ட பிள்ளை, டச்சுத் தளபதி டிலனாயிடம் விசுவாசத்தைக் கற்று, 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். லாசரு என்ற பெயரின் தமிழ் வடிவமாகத் தேவசகாயம் ஆனார். 1752-ல் சுட்டுக் கொல்லப்பட்ட அவருக்கு 2022-ல் புனிதர் பட்டம் கிடைத்தது.

இப்போது எப்படித் தயாராவது?

குழந்தைக்கு என்றால் பெரிய சிரமம் இல்லை. சொந்தப் பங்கின் குருவானவரிடம் முன்கூட்டியே சொல்லணும். பெற்றோருக்கும் ஞானப்பெற்றோருக்கும் ஒரு சின்ன வகுப்பு இருக்கும். கத்தோலிக்கச் சட்டப்படி ஞானப்பெற்றோருக்குப் பொதுவாக 16 வயது நிறைந்திருக்க வேண்டும், உறுதிப்பூசுதல் பெற்றிருக்க வேண்டும். குழந்தையின் அப்பா அம்மா அந்த இடத்தில் நிற்க முடியாது. ‘மாமாவைத்தான் நிறுத்தணும், இல்லாட்டி கோவிச்சுக்குவார்’ என்று உறவு பார்த்து ஆள் தேடுவதுதான் வழக்கம். மாமா கிறிஸ்தவரா என்று குருவானவர் கேட்கும்போதுதான் பலருக்கும் இந்த விதி ஞாபகம் வரும்.

பெரியவர்களுக்குப் பாதை நீளம். கத்தோலிக்க முறையில் ஓராண்டோ அதற்கு மேலோகூட ஆகலாம். முதலில் விசாரிப்பு, பிறகு புகுமுக நிலை. தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று பெயர் தேர்ந்தெடுக்கப்படும். அடுத்து வரும் ஞாயிறுகளில் அவர்களுக்கெனத் தனி மன்றாட்டுகள். கடைசியாக ஈஸ்டர் இரவில் திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், நற்கருணை மூன்றும் ஒன்றாக. வெள்ளை ஆடையும், பாஸ்கா திரியிலிருந்து ஏற்றிய மெழுகுவர்த்தியும் அப்போதுதான் தரப்படும். எங்கே கேட்பது என்றால், திருச்சி நகரமும் ஸ்ரீரங்கமும் திருச்சி மறைமாவட்டம். கொள்ளிடம் தாண்டி லால்குடி, புறத்தாக்குடி பக்கம் கும்பகோணம் மறைமாவட்டம்.

சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் குழந்தையில் பெற்ற ஞானஸ்நானத்தை வளர்ந்தபின் தானே ஏற்றுக்கொள்வதுதான் திடப்படுத்தல். விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, கர்த்தருடைய ஜெபம் படித்துத் தயாராகணும். திருச்சியில் இதற்கு ஒரு சோகமான சரித்திரமும் உண்டு. 1826 ஏப்ரல் 3 காலை, கோட்டைப் பகுதி ஆலயத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திடப்படுத்தல் நடத்திவிட்டு வந்த பிஷப் ஹீபர், வெயிலுக்குக் குளிக்க இறங்கிய தண்ணீர்த் தொட்டியில் இறந்துபோனார். அவருக்கு வயது 42. புனித யோவான் ஆலயத்தில் கல்லறை இருக்கிறது. பிஷப் ஹீபர் கல்லூரி அவர் பெயரில்தான்.

சாகும் நிலையில் இருப்பவருக்கு இந்த வரிசை எதுவும் கிடையாது. குருவானவர் வர நேரமில்லை என்றால், சரியான நோக்கத்தோடு யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம் என்கிறது கத்தோலிக்கச் சட்டம்.

சாதிச் சான்றிதழ் என்ன ஆகும்?

இதை யோசிக்காமல் முடிவெடுக்கக் கூடாது. 1950-ம் ஆண்டு பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே பட்டியல் சாதியினர். கிறிஸ்தவரானால் அந்தத் தகுதி போய்விடும். தமிழ்நாட்டில் அவர்கள் எத்தனை தலைமுறை கடந்தாலும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். பட்டியல் சாதிக்கான இடஒதுக்கீடு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பாதுகாப்பு இரண்டும் கிடைக்காது. சாதி மட்டும் ஊரில் அப்படியே இருக்கும், கல்லறையில்கூட. மதம் மாறிய ஆதிதிராவிடர்களுக்கும் பட்டியல் சாதித் தகுதி வேண்டும் என்று தமிழ்நாடு சட்டப்பேரவை 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டது இதனால்தான்.

‘ரெண்டு பக்கமும் வச்சுக்கலாமே’ என்பது நடக்காது. புதுச்சேரிப் பெண் ஒருவர் தான் இந்து என்று சொல்லி பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட வழக்கில், 2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. குழந்தையிலேயே அவர் ஞானஸ்நானம் பெற்றதும் தொடர்ந்து ஆலயத்துக்குப் போனதும் அவருக்கு எதிரான ஆதாரங்களாயின. திரும்பி வர வழியே இல்லை என்றும் இல்லை. தாய்மதம் திரும்பியதையும், முன்னோர் சாதியையும், அந்தச் சமூகம் தன்னை ஏற்றுக்கொண்டதையும் நிரூபித்தால் பழைய தகுதி கிடைக்கலாம் என 2015-ல் அதே நீதிமன்றம் கூறியிருக்கிறது.

கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் 2002-ல் வந்து, 2004-ல் திரும்பப் பெறப்பட்டது. பெயரை மாற்றுவதாக இருந்தால் அரசிதழில் வெளியிட வேண்டும். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் தானாக ஆதாரிலோ பள்ளிச் சான்றிதழிலோ ஏறாது.

எந்த ஆலயத்தில் பெற்றீர்களோ, அதன் பதிவேட்டில்தான் மூலப்பதிவு இருக்கும். கத்தோலிக்கப் பதிவேட்டில் பின்னாளில் நடக்கும் உறுதிப்பூசுதலும் திருமணமும் அதே பதிவில் குறிக்கப்படும். அதனால்தான் கல்யாணத்துக்கு ஓலை எழுதும்போது வீட்டில் இருக்கும் பழைய சான்றிதழ் போதாது, புதிதாக எடுத்த நகல் கேட்பார்கள். ஊர் மாறியவர்கள் ஆலயத்தின் பெயரையும் தேதியையும் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.