பந்தும் சான்றிதழும்

பிழைப்பை நாடி வேற்று மாநிலம் சென்ற தமிழர், தம்முடன் எவற்றைக் கொண்டு சென்றனர் என்று கேட்டால், மொழியையும் குலதெய்வத்தையும் சமையற் பக்குவத்தையும் சொல்லிவிடுவோம். சென்ற இடத்தில் எவற்றைக் கற்றுக்கொண்டனர் என்று கேட்டால் விடை அவ்வளவு எளிதில் வருவதில்லை. பெங்களூர்த் தமிழர் கற்றுக்கொண்டவற்றுள் ஒன்று கால்பந்து. அவர்களுள் பலருக்கு அது மாலைப் பொழுதின் கேளிக்கையாக மட்டும் இருக்கவில்லை. உலையேற்றிய தொழிலாகவும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய வருவாயாகவும் இருந்தது. அந்த வரலாற்றின் சில பக்கங்களை இன்று புரட்டிப் பார்ப்போம்.

இதற்குத் தூண்டுதலாக அமைந்தது சென்ற மாதம் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி. அல்சூர்ப் பக்கத்தில் நாம் குடியிருக்கும் தெருவிலேயே ஆட்டோ ஓட்டும் நண்பர் ஒருவர் இருக்கிறார். நாம் மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் என்பதை அறிந்தவர். ஒரு ஞாயிறு காலை, பி.யு.சி. இரண்டாம் ஆண்டு படிக்கும் மகனையும் ஒரு துணிப்பையையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். பையில் பதினொரு சான்றிதழ்களும், நான்கு பதக்கங்களும், ஒரு சிறு வெள்ளிக் கோப்பையும் இருந்தன. "ஐயா, விளையாட்டுப் பிரிவில் கல்லூரி இடத்துக்கு விண்ணப்பம் போட வேண்டும். எல்லாம் இங்கிலீஷில் இருக்கிறது. தாங்கள் படித்துத் தமிழில் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்" என்றார். மகன் ஒன்றும் பேசாமல் கோப்பையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தான்.

விண்ணப்பத்தைப் படித்தோம். படிக்கப் படிக்க நமக்கு மனம் கனத்தது. காரணத்தைப் பிறகு சொல்கிறோம். முதலில் இந்தப் பையனின் தெருவுக்குப் பந்து எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதைக் காண்போம்.

1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் படைவீடு ஒன்றை நிறுவினர். பழைய கோட்டையையும் பேட்டையையும் விட்டு விலகி, அல்சூர்ப் பக்கமாக அமைந்த அப்பகுதியை மக்கள் இன்றும் 'தண்டு' என்றே அழைக்கின்றனர். சிவாஜி நகரில் உள்ள தண்டு மாரியம்மன் கோயில் அப்பெயரைக் காத்து நிற்கிறது. படையோடு சென்னை மாகாணத்திலிருந்து தமிழர் பலர் வந்தனர். சிப்பாய்களாகவும், கொத்தர்களாகவும், குதிரைக்காரர்களாகவும், கடைக்காரர்களாகவும், சமையற்காரர்களாகவும் வந்தனர். 1834ஆம் ஆண்டில் சென்னைச் சாப்பர் படையும் பெங்களூருக்கு இடம் பெயர்ந்தது. அல்சூரிலும் பிற்காலத்து மர்பி டவுன், ஆஸ்டின் டவுன் பகுதிகளிலும் தமிழ் ஒலித்தமைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

வந்தவர்களுள் சிலர் செழித்தனர். ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் அவர்களுள் ஒருவர். இன்று உயர்நீதிமன்றம் இயங்கும் செந்நிற அட்டாரக் கச்சேரியை 1860களில் கட்டி முடித்த ஒப்பந்தக்காரர் அவரே. 1873ஆம் ஆண்டில் ஏழைப் பிள்ளைகளுக்காக அவர் தொடங்கிய இலவசப் பள்ளி, ஆர்.பி.ஏ.என்.எம். என்ற எழுத்துக்களால் வழங்கும் கல்வி நிலையமாக வளர்ந்தது. அப்பள்ளியின் மைதானம் தண்டுப் பகுதிக் கால்பந்தின் தொட்டில்களுள் ஒன்றாயிற்று.

ஆட்டத்தைக் கொணர்ந்தவர்கள் வெள்ளைச் சிப்பாய்கள். அவர்கள் பூட்சுக் காலோடு பந்தாடுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்த பிள்ளைகள், வெறுங்காலோடு தெருவில் அதையே ஆடிப் பழகினர். கிரிக்கெட்டுக்கு மட்டை வேண்டும். டென்னிசுக்குத் தனி மைதானமே வேண்டும். கால்பந்துக்கோ இருபது பேருக்கு ஒரு பந்து போதும். ஏழைத் தெருக்களில் இந்த ஆட்டம் வேரூன்றியதன் காரணம் இதுவேயாம். தமிழரும் உருது பேசும் முஸ்லிம்களும் ஆங்கிலோ இந்தியரும் அடுத்தடுத்து வாழ்ந்த தெருக்களில் சங்கங்கள் தோன்றின.

அவற்றுள் பெங்களூர் முஸ்லிம்ஸ் என்னும் சங்கம் 1937ஆம் ஆண்டில் பம்பாய் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அதுவரை பட்டாளத்து அணிகளின் தனியுடைமையாக இருந்த அக்கோப்பையை வென்ற முதல் இந்தியச் சிவிலியன் சங்கம் அதுவே. மறுவருடமும் அது கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது. மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையில் மைசூர் அணி 1946–47இலும் 1952–53இலும் வாகை சூடியது. இரு முறையும் இறுதி ஆட்டத்தில் தோற்ற அணி, கால்பந்தின் தலைவாசல் என்று பெயர் பெற்ற வங்காளம்.

இனி, 1948ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் தேதிக்கு வருவோம். லண்டன் ஒலிம்பிக் போட்டியில் சுதந்திர இந்தியாவின் கால்பந்து அணி, இல்போர்டு நகர மைதானத்தில் பிரான்சை எதிர்த்தது. நம்மவர்களுள் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினர். கிடைத்த இரண்டு பெனால்டி உதைகளும் வீணாயின. பிரான்சு ஒரு கோல் முன்னணியில் இருந்தபோது, 70ஆம் நிமிடத்தில் பந்தை வலைக்குள் செலுத்தி ஆட்டத்தைச் சமன் செய்தார் பெங்களூரின் சாரங்கபாணி ராமன். இறுதி நேரத்தில் பிரான்சு மற்றொரு கோல் போட்டு வென்றுவிட்டது. எனினும் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட முதல் கோல் என்னும் பெருமை ராமனின் காலுக்கே உரியது. அதே அணியில் தன்ராஜும் வஜ்ரவேலுவும் அகமது கானும் இருந்தனர். பெயர்களைக் கேட்டாலே தண்டுத் தெருக்களின் மணம் வீசுகிறதல்லவா?

இவ்வாறு புகழ் பெற்றவர்களைத் தேடிக் கல்கத்தாச் சங்கங்கள் வந்தன. தன்ராஜும் அகமது கானும் ஈஸ்ட் பெங்கால் சங்கத்தில் சேர்ந்தனர். அவர்களோடு வெங்கடேஷ், அப்பாராவ், சாலே ஆகிய மூவரும் சேர்ந்த ஐவர் முன்னணியைக் கல்கத்தா மக்கள் 'பஞ்ச பாண்டவர்' என்று போற்றினர். 1949 முதல் 1951 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஐ.எப்.ஏ. கேடயம் அவர்கள் சங்கத்துக்கே கிடைத்தது. பின்னாளில் பெங்களூரிலிருந்து சென்ற அருமைநாயகம் மோகன் பகான் சங்கத்தில் ஆடினார். 1962ஆம் ஆண்டில் ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2–1 என்று வென்று ஆசியத் தங்கம் பெற்ற இந்திய அணியிலும் அவர் இடம் பெற்றிருந்தார்.

ஆனால் எல்லோரும் கல்கத்தா செல்ல முடியுமா? ஊரிலேயே தங்கியவர்களுக்கு வழி காட்டியவை தொழிற்சாலைகள். 1940இல் விமானத் தொழிற்சாலையும், 1948இல் தொலைபேசித் தொழிற்சாலையும், 1953இல் எச்.எம்.டி.யும், 1954இல் பாரத் எலக்ட்ரானிக்சும் பெங்களூரில் தோன்றின. நன்கு ஆடும் இளைஞன் ஒருவனைத் தெருச் சங்கத்திலிருந்து அழைத்து, தொழிற்சாலையில் வேலை கொடுத்து, மாலையில் அணிக்காக ஆட விடுவது வழக்கமாயிற்று. அவன் கால் ஓய்ந்த பின்னும் சம்பளம் ஓயாது. ஓய்வூதியமோ சேமநிதியோ கைக்கு வரும். 1977ஆம் ஆண்டில் எர்ணாகுளத்தில் நடந்த முதல் பெடரேஷன் கோப்பைப் போட்டியில், மோகன் பகானை வீழ்த்திக் கோப்பையைக் கொண்டுவந்தது பெங்களூர் ஐ.டி.ஐ. அணி. பகலில் தொழிற்சாலை ஊழியர்களாகவும் மாலையில் ஆட்டக்காரர்களாகவும் இருந்தவர்களின் வெற்றி அது.

இவ்விடத்தில் கடல் கடந்த ஓர் ஆட்டத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். வட அமெரிக்கப் பழங்குடியினர் தந்த லாக்ராஸ் என்னும் விளையாட்டு, வலை கட்டிய கோலால் பந்தை ஏந்தி எறியும் ஆட்டமாகும். 1904இலும் 1908இலும் ஒலிம்பிக்கில் இடம் பெற்ற அது, 2028ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்குக்கு மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது. அமெரிக்காவில் இளைஞர் சங்கங்கள் கோடைதோறும் நடத்தும் போட்டிகளைக் கல்லூரிப் பயிற்சியாளர்கள் ஓரத்தில் அமர்ந்து கவனிப்பர். தம் அணிக்கு வேண்டியவர்களைக் குறித்துக்கொள்வர். சங்கக் கட்டணத்தையும் பயணச் செலவையும் பெற்றோரே தாங்குவர். உதவித்தொகை கிடைத்தாலும் பெரும்பாலும் அது கட்டணத்தின் ஒரு பகுதிக்கே போதும். உயர்நிலைப் பள்ளியில் அப்போதுதான் காலடி வைத்த சிறுவர்களுக்கே கல்லூரிகள் வாய்மொழியாக இடம் வாக்களிக்கும் நிலை ஏற்பட்டது. பதினான்கு வயதில் ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை விலைபேசுவதா என்று பலரும் முறையிடவே, 2017ஆம் ஆண்டில் விதி ஒன்று பிறந்தது. பதினோராம் வகுப்பின் செப்டம்பர் முதல் தேதிக்கு முன்னர்ப் பயிற்சியாளர் மாணவனோடு தேர்வைப் பற்றிப் பேசலாகாது என்பதே அவ்விதி.

அங்கே ஆட்டத்தின் பரிசு கல்லூரி; இங்கே நம் தந்தையர் காலத்தில் ஆட்டத்தின் பரிசு வேலை. அந்த வேறுபாடு இப்போது குறைந்து வருகிறது. 1990களுக்குப் பின் பொதுத்துறைத் தொழிற்சாலைகளில் ஆள் எடுப்பது சுருங்கிற்று. தேசிய அளவிலான ஐ-லீகில் விமானத் தொழிற்சாலை அணி ஆடியது 2011–12ஆம் பருவத்தோடு நின்றது. 2013ஆம் ஆண்டில் பெங்களூர் எப்.சி. என்னும் தொழில்முறைச் சங்கம் தோன்றி, முதற்பருவத்திலேயே ஐ-லீகை வென்றது. 2023 மார்ச்சில் ரியாத் நகரில் மேகாலயாவை 3–2 என்று வென்று, 54 ஆண்டுகளுக்குப் பின் கர்நாடகம் சந்தோஷ் கோப்பையைத் தழுவியது. ஆட்டம் அழியவில்லை. ஆனால் தொழில்முறைச் சங்கம் எடுப்பதோ மிகச் சிலரை. எஞ்சியவர்களுக்குக் கல்லூரியின் விளையாட்டு ஒதுக்கீடும், அரசுப் பணியில் விளையாட்டு வீரர்க்கு உரிய நியமனமுமே வாயில்கள். மத்திய அரசு இதற்கென 1980ஆம் ஆண்டிலேயே ஆணை பிறப்பித்துள்ளது.

இனி, நம் மனம் ஏன் கனத்தது என்பதைச் சொல்கிறோம். இத்தகைய வாயில்களில் காவலாக நிற்பது கோப்பையன்று, காகிதம். மத்திய அரசுப் பணிக்கான விதிகளில் சான்றிதழுக்குத் தனித்தனிப் படிவங்கள் உள்ளன. நாட்டுக்காக ஆடியவனுக்குத் தேசியச் சம்மேளனமும், மாநிலத்துக்காக ஆடியவனுக்கு மாநிலச் சங்கமும், பல்கலைக்கழகத்துக்காக ஆடியவனுக்கு அதன் விளையாட்டுத் துறைத் தலைவரும், தேசியப் பள்ளி விளையாட்டில் ஆடியவனுக்கு மாநிலக் கல்வித்துறையும் ஒப்பமிட வேண்டும். நண்பரின் மகன் விண்ணப்பித்த கல்லூரியும் ஏறத்தாழ இதே வகைச் சான்றுகளைத்தான் கேட்டிருந்தது. பையிலிருந்த பதினொன்றில் பத்து, தெருப் போட்டிகளிலும் கோயில் திருவிழாப் போட்டிகளிலும் கிடைத்தவை. வெள்ளிக் கோப்பையும் அவ்வாறே. அவை கணக்கில் சேரா. மாநிலப் பள்ளி அணியில் ஆடியதற்கான ஒன்று மட்டுமே பயன்படும். அதிலும் உரிய அதிகாரியின் ஒப்பம் இல்லை.

இதைத் தமிழில் எடுத்துச் சொன்னோம். பல ஆணைகளை மொழிபெயர்த்திருக்கிறோம்; எதிரில் இருப்பவர் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே மொழிபெயர்த்தது அதுவே முதல் முறை. சற்று நேரம் கழித்து அவர், "இன்னொன்றும் கேட்க வேண்டும் ஐயா. அடுத்த மாதம் ஒரு போட்டி இருக்கிறது. பரீட்சை நேரம். பரீட்சையை அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம், இதில் ஆடினால் பெரிய இடத்துக்குப் போகலாம் என்று சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?" என்று கேட்டார்.

நாம் பயிற்சியாளர் அல்லோம். ஆயினும் வரலாறு படித்தவர்கள். தண்டுத் தெருப் பிள்ளைகள் ஆடி உயர்ந்த காலத்தில் அவர்களுக்குக் கீழே ஒரு வலை விரிக்கப்பட்டிருந்தது. முழங்கால் முறிந்தாலும் தொழிற்சாலை வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருந்தது. இன்று அந்த வலை இல்லை. பிள்ளை தனக்குத் தானே ஒன்றைக் கட்டிக்கொள்ள வேண்டும்; அதற்குப் பெயர் படிப்பு. பி.யு.சி. தேறாதவனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டிலும் பட்டப்படிப்பு இடம் இல்லை என்பதை விண்ணப்பத்திலேயே சுட்டிக் காட்டினோம். பரீட்சையை எழுதட்டும், பந்தையும் விட வேண்டாம், அந்த ஒரு போட்டியை மட்டும் விட்டுவிடட்டும் என்றோம். தந்தை தலையசைத்தார். மகன் தலையசைக்கவில்லை.

அல்சூரை அடுத்த கௌதமபுரத்தில் புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோரின் சிலைகளோடு பிரேசில் வீரர் பெலேயின் சிலையும் நிற்கிறது. ஒரு பேட்டை மக்கள் தம் பிள்ளைகளுக்கு யாரைக் காட்டி வளர்க்கின்றனர் என்பதற்கு அது சான்று. அச்சிலையை அறிந்த அந்தப் பையன், சாரங்கபாணி ராமனின் பெயரைக் கேட்டதில்லை. இல்போர்டு மைதானத்துக் கதையைச் சொன்னபோதுதான் முதன்முறையாக வாய் திறந்து, "வெறுங்காலோடா?" என்று கேட்டான்.

மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, தந்தையோடு உரிய அலுவலகத்துக்குச் சென்று ஒப்பத்துக்கு மனுக் கொடுத்தோம். இரண்டு வாரத்தில் படிவம் கைக்கு வந்தது, விண்ணப்பமும் போயிற்று. இடம் கிடைக்குமா என்பது இனித் தெரியும். உங்கள் ஊர்களிலும், பம்பாயானாலும் தில்லியானாலும் கல்கத்தாவானாலும், இத்தகைய துணிப்பையோடு ஒரு தந்தை உங்கள் வாசலுக்கு வரக்கூடும். ஒவ்வொரு போட்டி முடிந்த உடனேயே முறையான படிவத்தில் ஒப்பம் வாங்கி வைக்கும்படி அவரிடம் சொல்லுங்கள். முடிந்தால் கூடச் சென்று வாருங்கள்.