புன்னைக்காயலில் அச்சான புனிதர் கதைகள்

இந்த எபிசோடு எங்க மாடி வீட்டு அக்காகிட்ட இருந்து தொடங்குது. தூத்துக்குடி பக்கத்துக் கடற்கரைக்காரங்க. இங்க திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில செக்கிங். காலையில எட்டரை மணி ஷிப்டுக்கு நடந்து போகும்போது காதுல இயர்போன் இருக்கும். பாட்டு கேக்கறாங்கன்னு ரொம்ப நாளா நினைச்சிருந்தேன். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"பாட்டு இல்ல தம்பி. இன்னைக்கு நற்செய்தி. எந்தப் புனிதரோட நாள்னும் சொல்லுவாங்க."

தினமும் வாட்ஸ்அப்ல வர அஞ்சு நிமிஷ ஆடியோ. அக்காவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கம்பெனிக்குப் போற அந்த நடையிலதான் அவங்க 'படிக்கிறாங்க'.

நான் கத்தோலிக்கன் இல்லை. ஆனா தினம் ஒண்ணு, புனிதர் கொஞ்சம், நற்செய்தி கொஞ்சம், கேக்கற மாதிரி தமிழ்ல. இந்த வடிவம் எங்க இருந்து வந்துச்சுன்னு தேட ஆரம்பிச்சேன். தேடல் அக்காவோட கடற்கரைக்கே கொண்டுபோய் விட்டுச்சு, 1586-ஆம் வருஷத்துக்கு.

முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530-களில் கத்தோலிக்கர் ஆனார்கள். பிரான்சிஸ் சவேரியார் அங்கே வந்தது 1542-ல். அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பாளர்களை வைத்து ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கி, மனப்பாடம் செய்து, ஊர் ஊராகச் சொல்லிக் கொடுத்தார். அவர் அடுத்த ஊருக்குப் போனதும் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுக்க ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளை. (நம்ம ஊர்ல கணக்குப்பிள்ளைன்னா சனிக்கிழமை சம்பளம் போடுறவர். அங்கே அவர் ஜெபம் சொல்லித் தரவர்.)

பிரச்சினை மொழிபெயர்ப்பில் இருந்தது. விசுவாச அறிக்கையில் 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்று இருந்தது! பூசைக்கான போர்த்துகீசியச் சொல் 'மிஸா', தமிழ்க் காதுக்கு 'மீசை' என்று விழுந்தது. கோட் ரன் ஆகுது, எரர் வரல, அவுட்புட் மட்டும் தப்பு. இந்த மாதிரி பக் எத்தனை வருஷம் வேணா உயிரோட இருக்கும்.

ஜெபங்களின் மொழிபெயர்ப்பைத் திருத்தியவர் என்ரிக்கே என்ரிக்கஸ் என்ற இயேசு சபைத் துறவி. நம்ம ஆளுங்க அண்டிரிக் அடிகளார்னு சொல்வாங்க. 1520-ல் போர்ச்சுகலில் பிறந்தவர், யூத வம்சாவளி. அந்தக் காலத்தில் அங்கே அது ஒரு குறை. வேறொரு சபை அந்தக் காரணத்துக்காகவே அவரை வேண்டாம் என்றது. 1546-ல் இந்தியா வந்தவர் 1600-ல் புன்னைக்காயலில் இறந்தார். தமிழ் கற்றுக்கொண்டது மட்டுமல்ல, தமிழுக்குப் போர்த்துகீசிய மொழியில் ஓர் இலக்கணமும் எழுதினார்.

1578-ல் கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. 16 பக்கம். இந்திய எழுத்தில் இந்தியாவிலேயே அச்சான முதல் நூல் என்று பள்ளிக்கூடப் பொது அறிவுக் கேள்வியில் வருமே, அதுதான். அதோடு நிறுத்திக்கிறோம். எனக்கு முக்கியமாகப் படுவது எட்டு வருஷம் கழித்து வந்தது. 'அடியார் வரலாறு', போர்த்துகீசியர் வைத்த பெயர் 'ஃப்ளோஸ் சாங்க்டோரும்'. புனிதர்களின் வாழ்க்கைகள், 669 பக்கம். தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில் அச்சானது என்று சொல்கிறார்கள்.

16 பக்கத்தில் இருந்து 669 பக்கம். ஏன்? என் கணிப்பு இது. ஜெபம் மனப்பாடத்துக்கு, அதுக்குச் சின்னப் புத்தகம் போதும். கதை கேக்கறதுக்கு. கரை நீளம், சாமியார்கள் கொஞ்சம். ஒருத்தர் வாசிக்க ஊரே கேக்கும், அன்னைக்குப் புத்தகம் வாழ்ந்த விதமே அப்படித்தான். அதனால் மொழியும் வேற. தமிழ்ல நூல்னாலே செய்யுளாக இருந்த காலத்தில், இது உரைநடை. கடற்கரைப் பேச்சுக்குப் பக்கத்தில் நிற்கும் தமிழ், நடுவில் போர்த்துகீசியச் சொற்கள். ஏன் பேச்சுத்தமிழ்ல எபிசோடு போடுறேன்னு எனக்கு மெயில் அனுப்பறவங்க இதைக் கவனிக்கணும்.

இன்னொரு பாதி இருக்கு: நற்செய்தி. தமிழில் நற்செய்திகள் அச்சானது 1714-ல், தரங்கம்பாடியில், சீகன்பால்கு கையால். அவர் லுத்தரன். அதாவது புனிதர் கதைகள் அச்சில் வந்து 128 வருஷம் கழித்து. கத்தோலிக்கக் கோயிலில் 1960-கள் வரை பூசையே லத்தீன். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1969-ல் புதிய வாசக அட்டவணை வந்தது. எங்க பாஷையில் ஒரு லுக்கப் டேபிள். ஞாயிறு வாசகங்கள் மூன்று வருஷச் சுற்று. பொதுக்கால வார நாள்களில் முதல் வாசகம் இரண்டு வருஷச் சுற்று, நற்செய்தி மட்டும் வருஷாவருஷம் அதேதான். இந்த அட்டவணை இருக்கறதாலதான் யாரோ ஒருத்தர் முந்தின நாள் ராத்திரியே உக்காந்து நாளைக்கான ஆடியோவைப் பதிவு பண்ண முடியுது.

ஆக, அக்கா கேக்கற அஞ்சு நிமிஷத்துல ஒரு பாதிக்கு 400 வருஷத்துக்கு மேல வயசு. இன்னொரு பாதி, தினசரிப் பழக்கமாக, எங்க அப்பா வயசு.

அந்தப் பழைய பாதி யாருக்காக அச்சானதோ, அவங்க கையில தங்கல. ஒரு பிரதி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அங்கிருந்து எடுத்து 1967-ல் மறுபடி பதிப்பித்தவர் இராசமாணிக்கம் அடிகளார். தூத்துக்குடியில் இருந்து வெளிவந்தது. கடற்கரைக்குத் திரும்பி வர ஏறக்குறைய 380 வருஷம்.

இதையெல்லாம் அக்காகிட்ட சொன்னேன். புன்னைக்காயல்னதும் சிரிச்சாங்க. "அங்க எங்களுக்குச் சொந்தக்காரங்க இருக்காங்க தம்பி. இப்படி ஒரு புத்தகம்னு யாரும் சொன்னதே இல்லையே." அப்புறம் கேட்டாங்க, கடையில கிடைக்குமான்னு. தேடிட்டு இருக்கேன்னு சொன்னேன்.

"கிடைச்சா எனக்குக் குடுக்காதீங்க, நீங்களே வாசிச்சு அனுப்புங்க. ஒன்றரை ஷிப்டு முடிஞ்சு வரும்போது கேட்டுக்கிட்டே வந்துருவேன்."