இல்லற வன்முறையும் நிலவுரிமையும்: தேசவழமையை முன்வைத்து ஒரு நோக்கு

பெண்கள் மீதான வன்முறையைத் தனிமனித ஒழுக்கக்கேடாக மட்டும் கொள்வோர் தண்டனையே அதற்குத் தீர்வென்பர். ஆயின், அடியுண்ட பெண் அவ்வீட்டைவிட்டு வெளியேற முடியாதிருப்பது ஏன் என்னும் வினா தண்டனைச் சட்டத்துள் அடங்குவதன்று. அது சொத்துறவு பற்றிய வினாவுமாகும். யாழ்ப்பாணத் தமிழரின் தேசவழமையை முன்வைத்து இதனை நோக்குவோம்.

ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்தளித்த தேசவழமை, 1806இல் பிரித்தானியரால் சட்டவலுப் பெற்றது. தாயின் சீதனம் புதல்வியரைச் சேரும் என்பது அதன் மரபு. இதனைக் கொண்டு நம் பெண்கள் நிலமுடையோராய் விளங்கினர் எனப் பெருமை கொள்வாருளர். எனினும் உடைமை வேறு, ஆட்சி வேறு. மணமான பெண் தனது அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் விதித்தது. கணவன் கைவிட்டவிடத்தும் நியாயமின்றிச் சம்மதம் மறுத்தவிடத்தும் மாவட்ட நீதிமன்றை நாடலாம் என்பதே அதிலிருந்த விலக்கு. காணி அவள் பெயரில் இருந்தது. ஒப்பமோ அவன் கையில் இருந்தது.

குற்றவியற் சட்டமும் நெடுங்காலம் வீட்டு வாசலிலேயே நின்றது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை கணவன் மனைவிமீது புரியும் வல்லுறவைப் பொதுவாகக் குற்றமெனக் கொள்ளவில்லை. 1995ஆம் ஆண்டுத் திருத்தம், நீதிமன்றக் கட்டளையாற் பிரிந்து வாழும் தம்பதியரளவிலேயே அதனைக் குற்றமாக்கிற்று. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டமே வாசலைத் தாண்டியது எனலாம். உடல் வன்முறையோடு உளரீதியான துன்புறுத்தலையும் அது கருத்திற்கொண்டது. பாதிக்கப்பட்டவரோ பொலிஸாரோ நீதவான் நீதிமன்றில் விண்ணப்பித்துப் பாதுகாப்புக் கட்டளை பெற அது வழிவகுத்தது. வன்முறையாளன் வீட்டினுள் நுழைவதையும் அக்கட்டளையால் தடைசெய்யலாம்.

இது முக்கியமானதொரு முன்னேற்றமே. ஆனால் கட்டளையின் உச்சக் காலம் பன்னிரண்டு மாதங்கள். அதன்பின் அவள் எதனை நம்பி வாழ்வாள்? 1911ஆம் ஆண்டின் சம்மத விதியை 2005ஆம் ஆண்டுச் சட்டம் தொடவில்லை. துணைவரோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் தம் வாழ்நாளில் அத்துணைவரின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளானமையை 2019ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வு காட்டிற்று. ஆகவே இவ்வினாவை ஒருசிலரின் குடும்பப் பிணக்கென ஒதுக்குதல் பொருந்தாது.

மரபைப் பேணுதல் என்ற பெயரில் ஒப்ப உரிமையைக் கணவனிடம் விட்டுவைத்துக்கொண்டு வன்முறையைக் கண்டிப்பது முரண்பாடாகும். சீதனத்தைப் பெண்ணின் உரிமையென நாம் பெருமையுடன் கூறுவதாயின், அதனை விற்கவும் ஈடுவைக்கவும் அவளது ஒப்பம் ஒன்றே போதும் என்பதையும் ஏற்றல் வேண்டும்.