பினாங்கு நகர விளையாட்டரங்கம்

பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் டத்தோ கிராமாட் வட்டாரத்தில் உள்ள காற்பந்து அரங்கம். மலாய்ப் பெயர் ஸ்டேடியம் பண்டாராயா. ஆங்கிலேயர் ஆட்சியில் 1932இல் எழுந்த இது, மலேசியாவில் இன்றும் நிற்கும் மிகப் பழைய அரங்குகளில் ஒன்று. ஏறத்தாழ 20,000 பேர் அமரலாம். பினாங்கு அணியின் தாய்த்திடல் இதுவே. இதன் பெருமை கட்டடத்தைவிட அமைவிடத்தைச் சார்ந்தது. ஆட்டத்துக்கு முன் பாடாங் பிரவுன் அங்காடிகளில் போப்பியா தின்றுவிட்டு நடந்தே வரலாம். ஆட்டம் முடிந்த கூட்டம் நாசி கண்டார் கடைகளுக்குக் கலையும். திடலும் தெருவும் ஒன்றையொன்று வாழவைக்கின்றன.

வாகனம் நிறுத்த இடமில்லை, நெரிசல் மிகுதி, இருக்கை போதாது என்பது இதற்கெதிரான வாதம். குறைகள் உண்மைதான். ஆனால் மாற்றையும் பினாங்கு பார்த்துவிட்டது. 2000ஆம் ஆண்டு சுக்மா எனும் மலேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகப் பெருநிலத்தில், பத்து காவானில், 40,000 பேர் அமரும் மாநில அரங்கம் கட்டப்பட்டது. இடம் தாராளம், ஆனால் தீவிலிருந்து பாலம் கடந்தே போகவேண்டும், நடந்து சேரும் அக்கம்பக்கம் கிடையாது. அணியோ பழைய திடலுக்கே திரும்பியது. 2016 பிப்ரவரி 16 அன்று பகாங் அணிக்கு எதிராகப் பினாங்கு வீரர் முகமட் ஃபாயிஸ் சுப்ரி தொலைவிலிருந்து உதைத்த ஃப்ரீ கிக், ஒரு பக்கம் போவதுபோல் போய், நடுவானில் மறுபக்கம் வளைந்து வலையின் மேல்மூலையில் விழுந்தது இங்கேதான். அந்த கோலுக்கு, ஆண்டின் மிக அழகான கோலுக்கு ஃபிஃபா வழங்கும் புஸ்காஸ் விருது கிடைத்தது. அதைப் பெற்ற முதல் ஆசியர் அவரே.